இந்தப் பட்டை எந்த மரத்தது?

கடைக்காரர் இழுப்பறையை இழுத்து, இரண்டு துண்டுகளை எடுத்துப் பழைய நாளிதழ்த் தாளின் மேல் வைத்தார். ஒன்று உள்ளங்கை அகலம். வெளிப்பக்கம் சாம்பல் பூசியதுபோல் வழவழப்பு. உட்பக்கம் வெளிறிய சிவப்பு, ஓரத்தில் நார். மற்றொன்று கறுத்து, முதலையின் முதுகுபோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“இது மருது. இது கருமருது. சாக்குல சில நேரம் ரெண்டும் கலந்து வந்துடும் சார். துண்டா இருந்தா பொறுக்கிப் பிரிச்சிடலாம். பொடியாக்கிட்டா பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது.”

மயிலாப்பூர் மாட வீதிகளின் நெரிசலிலிருந்து கொஞ்சம் ஒதுங்கிய நாட்டு மருந்துக் கடை அது. அரை மணி நேரம் ஓரமாக நின்றேன். பிரசவ லேகியத்துக்குச் சாமான் கட்டச் சொல்லி ஒரு மாமி. உரைமருந்துக்கு வசம்பு, மாசிக்காய், சாதிக்காய் என்று விரல்விட்டு எண்ணி வாங்கிய ஒரு பாட்டி. இவர்கள் தலைமுறைகளாக இங்கே வருகிறவர்கள். மற்றவர்கள் புதியவர்கள். கைப்பேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டுக் காட்டி, “அண்ணா, இதுல சொல்ற மருதம்பட்டைத் தூள் நூறு கிராம்” என்றார் ஓர் இளைஞர். அவர் போனதும் இன்னொருவர். அந்த அரை மணியில் மருதம்பட்டை ஐந்து முறை தராசில் ஏறியது. ஐந்து முறையும் தூளாகத்தான்.

எந்த மரம், எந்தக் காடு, எப்படி உரித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஆண்டில், உறவுக்காரர் ஒருவர் சொன்னார் என்பதற்காக இதே தூளை இதே மாதிரி வாங்கிப் போய் மந்தைவெளி வீட்டில் கொதிக்க வைத்தவன்தான் நானும். ஒரு தம்ளர் கஷாயத்துக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பது பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

கஷாயம் ‘டீ’ ஆன கதை

பத்தியம், கஷாயம் என்ற சொற்களைக் கேட்டாலே முகம் சுளித்த நகரம் இது. அது மாறியதற்கு இரண்டு காய்ச்சல்கள் காரணம். டெங்கு பரவிய ஆண்டுகளில் நிலவேம்புக் குடிநீர் தெருமுனைக்கு வந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீரை அரசே வீடு வீடாகக் கொடுத்தது. பதினைந்து சரக்குகள் சேர்ந்த அந்தக் கசப்பை, காபி டிகாக்‌ஷன் இல்லாமல் கண் திறக்காத வீடுகளும் குடித்தன. தொற்று போய்விட்டது, காலையில் ஏதோ ஒன்றைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் தங்கிவிட்டது.

பூங்கா வாசல்களில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்பது பல ஆண்டுப் பழக்கம். தி.நகர் நடேசன் பூங்காவிலோ லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ நடந்து முடித்து வியர்வையோடு வருகிறவர்களிடம் இன்று பேச்சுக் கொடுத்தால், பாதிப் பேச்சு ஆவாரம்பூவிலும் மருதம்பட்டையிலும் வந்து நிற்கிறது. அடையாறு, பெசன்ட் நகர் பக்கத்து இயற்கை அங்காடிகளில் இவை நூல் கட்டிய சிறு பைகளாக அட்டைப் பெட்டிக்குள் ஏறிவிட்டன. வெந்நீரில் மூன்று நிமிடம் முக்கி எடுத்தால் ‘பட்டை டீ’ தயார் என்கிறது பெட்டி.

மூன்று நிமிடத்தில் பட்டை எதையும் பெரிதாகக் கொடுத்துவிடாது. பூவும் இலையும் மெல்லியவை. சுடுநீர் பட்டதும் இளகிவிடும். பட்டை அப்படி இல்லை. வெயில், மழை, பூச்சி, பூஞ்சை எல்லாவற்றையும் தடுத்து நிறுத்தத்தான் மரம் அதை உடுத்தியிருக்கிறது. தக்கையும் நாரும் இறுகி, துவர்ப்புச் சத்தான டானின்கள் அடைந்து கிடக்கும் கவசம் அது. அதனால்தான் நம் வைத்திய மரபில் பட்டைக்கு ஊறலும் நெடுங்கொதியும் விதித்தார்கள். ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். நைசாக அரைக்கக் கூடாது. இரவில் ஊறப்போட வேண்டும். காலையில் சிறுதீயில் வைத்து நாலுக்கு ஒன்றாகவோ எட்டுக்கு ஒன்றாகவோ சுண்ட வைக்க வேண்டும். இதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அவசர அடுப்பில் இது நடக்காது.

முதல் தடவை நான் செய்த தவறு பாத்திரத்தில். பாட்டியின் இரும்புச் சட்டிதான் மரபுக்குப் பொருத்தம் என்று எண்ணி அதில் வைத்தேன். பத்து நிமிடத்தில் செந்நிறமாக இருக்க வேண்டிய நீர் கறுத்தது. இருபதாவது நிமிடம் எழுதும் மையாகவே ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்புச் சத்தும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் என் அடுப்பிலும் நடந்தது. டானின் இரும்பைக் கண்டால் விடாது. மண்சட்டி, அல்லது எவர்சில்வர் போதும். இதே காரணத்தால் பட்டைக் கஷாயத்தைச் சாப்பாட்டோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்கக் கூடாது. ரத்தசோகை உள்ள பெண்களிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பெட்டிகள் சொல்வதில்லை.

மண்சட்டிக்கு மாறிய பிறகு கிடைத்த மருதங்கஷாயத்தின் நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இளஞ்செங்கல் நிறம். வாசனை என்று சொல்ல அதிகம் இல்லை. மழை நனைத்த மரக்கதவின் மணம் மட்டும். வாயில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. விழுங்கிய பிறகு கன்னத்தின் உட்புறம் இரண்டும் உள்ளே இழுபடும். வாழைப்பூவும் பிஞ்சு மாதுளையும் தரும் அதே துவர்ப்பு, ஆனால் அதைவிட நிதானமாக இறங்குவது. பனங்கற்கண்டு சேர்க்கலாம் என்கிறார்கள். அப்பா சேர்க்க விடவில்லை.

மருதுக்கென்றே இன்னொரு பக்குவம் உண்டு. பால் கஷாயம். பட்டை ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு. அதாவது ஐந்து கிராம் பட்டைக்கு 40 மில்லி பால், 160 மில்லி தண்ணீர். தண்ணீர் முழுவதும் வற்றிப் பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சக்ரதத்தர் முதலான ஆயுர்வேத ஆசிரியர்கள் இதய நோய்க்கு மருதைப் பாலோடு விதித்திருக்கிறார்கள். துவர்ப்பைப் பால் வாங்கிக்கொள்வதால் வயிற்றுக்கு இதமாக இறங்குகிறது.

ஆற்றங்கரை மரம்

மருதம் நமக்குப் புதிய மரமா என்ன? வயலும் வயல் சார்ந்த நிலமும் பெயர் வாங்கிக்கொண்டது இந்த மரத்திடமிருந்துதான். திருவிடைமருதூர் தன் பெயரிலேயே மருதைச் சுமக்கிறது. அங்கே தலமரமும் மருதுதான். தண்ணீர் ஓடும் கரையில் வேரூன்றி மண்ணைப் பிடித்து நிற்கும் மரம் இது. மருதைக் கண்ணால் கண்ட சென்னைவாசிகள் குறைவு. தூளைக் கண்டவர்கள் ஏராளம்.

மற்றப் பட்டைகளும் கடையில் இருக்கின்றன. எல்லாமே குடிக்கிறதுக்கு அல்ல என்பதைக் கடைக்காரர் சொல்லித்தான் கொடுக்கிறார். கருவேலம்பட்டை பல் ஈறுக்கு. கொதிக்க வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டியது. ஆல், அரசு, அத்தி, இத்தி என்று பால் வடியும் மரங்களின் பட்டைகள் புண் கழுவவும் குளிக்கவும். நாவல்பட்டையைச் சர்க்கரைக்காரர்கள் கேட்கிறார்கள். வேப்பம்பட்டை பழைய காய்ச்சல் மருந்து. இன்று அவ்வளவாகப் போவதில்லை. கேரள உணவகங்களில் கொடுக்கும் ரோஜா நிறத் தண்ணீரைப் பட்டைத் தண்ணீர் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது பதிமுகம், மரத்தின் வைரம், பட்டை அல்ல. கருங்காலியும் அப்படித்தான்.

இனி, மருது இதயத்துக்கு நல்லதா என்ற கேள்வி. அப்பாவுக்காக இதைத் தேடிப் படித்தேன். 1995-இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு, மருந்துக்குக் கட்டுப்படாத கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 12 நோயாளிகளுக்கு மருதம்பட்டைச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தது. மூச்சுத் திணறலும் களைப்பும் குறைந்ததாகப் பதிவு செய்தது. நம்பிக்கை தந்த முடிவு. ஆனால் பன்னிரண்டே பேர். 2016-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பங்கேற்ற, இன்னும் பெரிய ஆய்வு வெளிவந்தது. வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்துப் பன்னிரண்டு வாரம் கொடுத்தும், இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறனில் கூடுதல் முன்னேற்றம் இல்லை என்பதே அதன் முதன்மை முடிவு.

இரண்டையும் அப்பாவின் இதய மருத்துவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மாத்திரையில் ஒன்றைக்கூட நிறுத்தக் கூடாது, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் ஓடும்போது எதைப் புதிதாகக் குடித்தாலும் தன்னிடம் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும் என்றார். மருதம்பட்டையை நம்பி மாத்திரையை விட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. என் நிலையும் அதுதான்: கஷாயம் மாத்திரைக்கு மாற்று அல்ல. அப்படிச் சொல்லி விற்கிறவர் யாராக இருந்தாலும் அவர் ஓர் உயிரோடு விளையாடுகிறார்.

அசோகம் இல்லாத அசோகம்

பெண்களின் மாதவிலக்குத் தொல்லைகளுக்குக் கேட்கப்படுவது அசோகப்பட்டை. சீதை அமர்ந்திருந்த அசோகவனத்து மரம். செம்மஞ்சள் பூங்கொத்து அடிமரத்திலேயே, கிளையிலேயே ஒட்டிப் பூக்கும். இந்த மரத்தை அடையாறிலும் தி.நகரிலும் மதிலோரம் வரிசை வரிசையாகப் பார்க்கிறோமே என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது நெட்டிலிங்கம். ஊசிக் கோபுரம்போல் நெட்டையாக, அலை அலையான ஓரமுள்ள இலைகளைத் தொங்கவிட்டு நிற்கும் மரம். பூ பச்சை நட்சத்திரமாக இருக்கும்; இலைக்குள் ஒளிந்திருப்பதால் பூத்ததே தெரியாது. வீட்டு அடையாளம் சொல்லும்போது அதைத்தான் ‘அசோகமரம்’ என்கிறோம்.

பெயரில் நடந்த இந்தக் குழப்பம் சந்தைக்கு வசதியாகிவிட்டது. உண்மையான அசோகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் சுருங்கிப்போன மரம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் ஆபத்தை நோக்கிப் போகும் இனம். நெட்டிலிங்கமோ கைக்கெட்டும் தூரத்தில். அசோகப்பட்டையில் நெட்டிலிங்கப்பட்டை கலப்பது இந்திய மூலிகை வணிகத்தில் திரும்பத் திரும்பப் பதிவான கலப்படம். மாதக்கணக்கில் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுக் குணமாகவில்லை என்று வைத்தியத்தைத் திட்டும் பெண், எந்த மரத்தைக் குடித்தார் என்பது யாருக்கும் தெரியாது.

சமையலறைப் பட்டையிலும் இதே கதை. பிரியாணிக்குப் போடும் கெட்டியான, ஒற்றைச் சுருளான, ஒடித்தால் ‘டக்’ என்று முறியும் பட்டை காசியா. பெரும்பாலும் சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வருவது. இலங்கையின் உண்மையான இலவங்கப்பட்டை காகிதம்போல் மெல்லிய பல அடுக்குகளைச் சுருட்டி வைத்தது. விரலால் நசுக்கினாலே பொடியும். ‘சுருள்பட்டை’ என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். பிரியாணியில் ஒரு துண்டு போடுவதற்கு எதுவானாலும் பாதகமில்லை. சர்க்கரை குறையும் என்று தினமும் கரண்டிக் கணக்கில் கொதிக்க வைத்துக் குடிக்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கும். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம்; சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் தினமும் போகக் கூடாது என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். இலங்கைப் பட்டையில் அது மிகச் சொற்பம்.

சரக்கு எது என்று உறுதிப்படுத்தும் கவலை இந்த நகரத்துக்குப் புதிதல்ல. வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905-இல் மயிலாப்பூரில் வெங்கடரமணா ஆயுர்வேத மருத்துவசாலையைத் தொடங்கினார். நாட்டு வைத்தியத்தை ஆராய மதராஸ் அரசு அமைத்த உஸ்மான் குழு 1923-இல் அறிக்கை கொடுத்தது. அதன் செயலாளராக இருந்த கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, ஆங்கில மருத்துவம் படித்து ராணுவத்தில் பணியாற்றியவர். 1925-இல் தொடங்கிய அரசு இந்திய மருத்துவப் பள்ளிக்கு முதல்வரானார். பின்னாளில் அடையாறு பிரம்மஞான சபையின் நூலகத்தையும் நடத்தினார். 1944-இல் வைத்தியர்கள் தங்களுக்குள் கூட்டுறவு அமைத்துத் தொடங்கிய ‘இம்ப்காப்ஸ்’ இன்றும் திருவான்மியூரில் மருந்து செய்கிறது. தாங்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து நம்பகமாகக் கிடைக்க வேண்டும் என்று மருத்துவர்களே ஒன்று சேர்ந்து கட்டிய நிறுவனம். அதற்கு மிக அருகில்தான் அகத்தியருக்கு ஈசன் மருந்து உபதேசித்ததாகத் தலபுராணம் சொல்லும் மருந்தீசர் கோயில். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்தே நினைக்கத் தோன்றுகிறது.

மரத்தின் உடுப்பு, மரத்தின் குடல்

மேலே சொன்னதெல்லாம் குடிக்கிறவர் பக்கத்துக் கவலை. என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது மரத்தின் பக்கத்துக் கவலை.

ஆவாரம்பூ பறித்தால் செடி மறுபடி பூக்கும். துளசி கிள்ளினால் தழைக்கும். பட்டை உரிப்பது வேறு. இலைகள் வெயிலில் சமைக்கும் உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. அடிமரத்தைச் சுற்றி ஒரு முழு வளையம் உரித்துவிட்டால் அந்தப் பாதை அறுந்துவிடும். மரம் உடனே சாகாது. மேலே பச்சையாகத்தான் நிற்கும். இலை துளிர்க்கும், சில சமயம் பூக்கவும் பூக்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். சேமிப்புத் தீர்ந்ததும் மரம் மொத்தமாகக் காய்ந்துவிடும். உரித்தவர் அதற்குள் அடுத்த மலைக்குப் போயிருப்பார். மரத்தைச் சாகடிக்க வெட்டரிவாளே வேண்டாம், ஒரு முழம் பட்டையை உரித்தால் போதும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காக 2017-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 1,178 மூலிகை இனங்கள் வணிகத்தில் இருப்பதாகவும், அவற்றில் 242 இனங்கள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் தேவைப்படுவதாகவும் கணக்கிட்டது. இவற்றில் கணிசமானவை பயிரிடப்படுபவை அல்ல, காட்டிலிருந்து வருபவை. மயிலாப்பூர்க் கடைக்காரர் பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெருவின் மொத்த வியாபாரியிடம் வாங்குகிறார். அவருக்கு லாரியில் வருகிறது. லாரிக்கு எங்கோ ஒரு காட்டோரச் சந்தையில் ஏறுகிறது. அந்தச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறவர், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஏழை. மரத்தின் கால்வாசியை மட்டும் உரித்து மிச்சத்தை விட்டுவைக்க அவருக்கு எந்தக் காரணமும் நாம் கொடுக்கவில்லை.

ஆப்பிரிக்காவில் இது நடந்து முடிந்த பாடம். ஆப்பிரிக்கச் செர்ரி மரத்தின் பட்டை, ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கான மருந்தாக ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது. காமெரூனிலும் மடகாஸ்கரிலும் மரங்கள் மொட்டையாகி மாண்டன. 1995 முதல் அந்த மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அங்கே வகுத்த உரிப்பு முறை எளிமையானது: மரத்தின் சுற்றளவை நான்காகப் பிரி, எதிரெதிரான இரண்டு கால்களில் மட்டும் உரி, ஆண்டுகள் காத்திருந்து மற்ற இரண்டுக்கு வா.

இதைவிட நுட்பமான ஒரு வித்தை நம் நீலகிரியிலேயே நடந்திருக்கிறது. 1860-களில் தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனா மரத்தை ஆங்கிலேயர்கள் ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள். மலேரியாவுக்கான கொயினா அதன் பட்டையில் இருக்கிறது. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பட்டைக் கஷாயம் என்றால் அதுதான். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அந்த வேதனை தனிக் கதை. ஊட்டி அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் வில்லியம் மெக்ஐவர், பட்டைக்காக மரத்தை வெட்டிச் சாய்ப்பதை விரும்பவில்லை. நீளவாக்கில் பட்டைப் பட்டையாக உரித்தார். இடையிடையே உரிக்காத பட்டையை விட்டுவைத்தார். உரித்த இடத்தின் மேல் ஈரப் பாசியை வைத்துக் கட்டினார், காயத்துக்குத் துணி கட்டுவதுபோல. பாசிக்குள் மரம் புதுப் பட்டை போட்டது. சோதித்துப் பார்த்தபோது, பழைய பட்டையைவிடப் புதுப் பட்டையில் மருந்துச் சத்து கூடுதலாக இருந்தது.

ஊட்டிக் குளிரில், மரத்துக்கு ஒருவர் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவருடைய நோக்கம் அரசின் வருமானம்தான். ஆனாலும் மரத்திடமிருந்து வாங்குவதற்கும் மரத்தைக் கொல்வதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு என்று இந்த மண்ணில் கைவேலையாகச் செய்து காட்டியிருக்கிறார்.

இலங்கையில் இலவங்கம் உரிக்கிறவர்களுக்கும் அந்த வழி தெரியும். இலவங்கத்தை மரமாக வளரவிடுவதே இல்லை. தரையோடு வெட்டினால் குத்தாகக் கிளைக்கும். விரல் பருமனுக்குக் கொஞ்சம் மேல் வந்த கம்புகளை மட்டும் வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்து, உட்பட்டையை ஒரே உரிப்பில் கழற்றுவார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பட்டைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. எங்கே விளைந்தது, எப்படி உரித்தது என்ற இரண்டுக்கும் பதில் சேர்ந்தே சுருண்டு வருகிற பட்டை அது.

மருதுக்கும் இது முடியும். மருது இயல்பாகவே மேல்தோலைச் செதில் செதிலாக உதிர்த்துப் புதுப்பிக்கும் மரம். மத்திய இந்தியக் காடுகளில் நடந்த ஆய்வுகளில், உட்பட்டையின் கடைசி அடுக்கைக் காயப்படுத்தாமல், ஒரு பக்கத்தில் மட்டும் உரித்தபோது பட்டை மீண்டும் வளர்ந்திருக்கிறது. நம் பழைய நூல்களுக்கும் இந்த அக்கறை இருந்தது. மழை ஓய்ந்த பருவத்தில் பட்டை எடு என்று காலம் வகுத்தார்கள். சித்த மரபில் மூலிகை எடுக்குமுன் சாப நிவர்த்தி செய்வார்கள். தாவரத்தை வணங்கி, மன்னிப்புக் கேட்டு, பிறகுதான் கை வைப்பார்கள். அதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட்டோம். கத்தியை வைக்குமுன் ஒரு நிமிடம் அந்த மரத்தைப் பார்த்து நிற்க வைத்தது அந்தச் சடங்குதான்.

பிரம்மஞான சபைத் தோட்டத்தின் அடையாறு ஆலமரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் நடுவில் வெற்றிடத்தைப் பார்த்திருப்பார்கள். சுமார் 450 வயதான அந்த மரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் விழுந்துவிட்டது. விழுதுகள் தூண்களாகி மரத்தைக் காப்பாற்றின. ஆலுக்கு அந்த வரம் உண்டு. மருதுக்கும் அசோகத்துக்கும் விழுது கிடையாது. இருக்கிற ஒரே அடிமரத்தின் உடுப்பைத்தான் நாம் கேட்கிறோம்.

மறுபடி கடைக்கு

போன வாரம் அதே கடைக்குப் போனேன். அப்பாவுக்கு இப்போது மருத்துவர் அனுமதியோடு வாரத்தில் சில நாள் மட்டும் பால் கஷாயம். “தூள் வேண்டாம் அண்ணா, துண்டாகக் கொடுங்கள், நானே இடித்துக்கொள்கிறேன்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. சாக்கைக் கவிழ்த்துத் தரையில் பரப்பி, ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பார்த்து, வழவழப்பானதை இந்தப் பக்கமும் வெடித்ததை அந்தப் பக்கமுமாகப் போட்டார். மூன்று நான்கு கருமருதுத் துண்டுகள் வந்தன. ஒரு துண்டில் கத்தி இறங்கிய தடம் அப்படியே இருந்தது. பட்டையோடு மரத்தின் வெள்ளைக் கட்டையும் ஒரு செதில் பெயர்ந்து வந்திருந்தது.

அதை அவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

“இவ்ளோ ஆழமா இறக்கினா மரம் தாங்காது சார்.”

“எந்த ஊர்ப் பட்டை அண்ணா இது?”

“ஆந்திரா பக்கம்னு சொல்வாங்க. நான் கேட்டதில்ல.”

அங்கேயே ராசப்ப செட்டித் தெருவுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் இருந்தவருக்குக் கேள்வியே புரியவில்லை. விலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து இரண்டு முறை விலை சொன்னார். “விலை தெரியும்ப்பா. எங்க உரிச்சது, ஒரு பக்கம் உரிச்சதா, சுத்தி உரிச்சதான்னு கேளு.” கொஞ்ச நேரம் மௌனம். இதுவரை யாரும் கேட்டதில்லை, லோடு கொண்டுவருகிறவரிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார் அவர்.

கடைக்காரர் கத்தித் தடம் பதிந்த துண்டை எனக்கு நிறுக்கவில்லை. பொட்டலம் மடிக்கும் தாளில் ஒரு மூலையைக் கிழித்து, ‘மருது, எந்த ஊர், எப்படி உரிச்சது’ என்று எழுதி, அந்தத் துண்டோடு சேர்த்து நூலால் கட்டிக் கல்லாப்பெட்டியின் மேல் வைத்தார். அடுத்த லோடு ஆடி கழித்து வருமாம்.